பொதுநல விரும்பிக்கு ஒரு பொன்னாடை

டெய்ரி ஃபார்ம்,
ஸ்ரீவிஜயபுரம் (தபால்காரருக்கு இன்னும் போர்ட் பிளேர்தான்),
28.3.2025

அருப்புக்கோட்டையில் சகல மரியாதைகளோடும் வாழ்ந்துவரும் அத்தான் ஈஸ்வரன் அவர்கள் சமூகத்திற்கு, மரியாதை இழந்த மைத்துனன் பக்தவத்சலம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டது.

இவ்விடம் வைஜெயந்தி சுகம். லம்பா லைனில் மகள் ரூபா குடும்பம் சுகம். நான் மட்டும் சுகமில்லை; ஆனால் டாக்டரிடம் காட்டக்கூடிய வியாதி எதுவும் இல்லை. அவ்விடம் தங்கள் சுகத்தையும் அக்காள் பொன்னம்மாளின் மூட்டுவலி நிலவரத்தையும் அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நாலு தடவை நம்பரைப் போட்டேன். நாலு தடவையும் நீங்கள் "என்னப்பா பக்தா" என்றதும், அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பங்குனி மாசம் அருப்புக்கோட்டையில் மழையா என்று நாலு தடவை கேட்டவனைப் பற்றி என்ன நினைத்திருப்பீர்களோ தெரியாது. வாயால் சொல்ல முடியாததை எழுதித் தள்ளுவதுதான் முப்பத்தொரு வருஷம் சர்க்கார் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்த எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. இப்போது வந்திருக்கும் அவமானமும் அந்த வித்தையால் வந்ததுதான்.

ரூபா கல்யாணத்துக்கு வந்தபோது எங்கள் தெருவைப் பார்த்திருக்கிறீர்கள். முருகன் கோயிலை ஒட்டி நம்மவர்கள், எதிர்வரிசை வங்காளிகள், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் ராஞ்சிக்காரர்கள், வளைவில் தெலுங்குக் குடும்பங்கள், மேட்டில் ஏறினால் மலையாளிகள். எல்லோருக்கும் பொதுவாக ஹிந்தி, அதுவும் எது ஆண்பால் எது பெண்பால் என்று கவலைப்படாத தீவு ஹிந்தி. பன்னிரண்டு மாசத்தில் பதினான்கு பண்டிகை. ஒருத்தர் பண்டிகைக்கு அடுத்தவர் வேலை செய்வது இங்கே வழக்கம்; துர்கா பூஜைக்கு அவர்கள் கிச்சடி ஆக்கினால் இலை போட்டுப் பரிமாறுவது நம் ஆட்கள், ராஞ்சிக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டினால் மூங்கில் வெட்டிக்கொண்டு வருவது தெலுங்குக்காரர்கள். இதையெல்லாம் பெருமையாக நான் உங்களுக்கு எத்தனையோ கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதங்கள் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள், அவற்றை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

எதிர்வீட்டுத் தபன் மண்டலை நினைவிருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ரூபா கல்யாணத்தில் பந்தியில் உங்களுக்கு மூன்று தடவை பாயசம் ஊற்றிவிட்டு, வேண்டாம் என்று நீங்கள் கையை ஆட்டியதை இன்னும் வேண்டும் என்று புரிந்துகொண்டு நாலாவது தடவையும் ஊற்றினாரே, அவர்தான். முப்பது வருஷ சிநேகம். என் பெயர் அவர் வாயில் நுழையாது, 'பொக்தோ பாபு' என்பார், நானும் அதற்குத் திரும்பிப் பார்ப்பேன். துர்கா பூஜைக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர்.

போன அக்டோபர் அஷ்டமி அன்று காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனேன். வாசலில் பெரிய பேனர். கமிட்டிக்கு ஒத்தாசை செய்தவர்கள் பெயரெல்லாம் ஹிந்தியில் போட்டிருந்தார்கள். மேலிருந்து படித்துக்கொண்டே வருகிறேன், என் பெயரைக் காணோம். பந்தல் போட்டவர் இருக்கிறார், ஒலிபெருக்கிக்காரர் இருக்கிறார், ஜெனரேட்டர்காரர் இருக்கிறார். ஜெனரேட்டர்காரருக்கும் கீழே, மூங்கில் கம்பு மறைக்கிற இடத்தில் நான் இருந்தேன். அதுவும் முழுசாக இல்லை. 'பக்த வத்ஸல்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 'ஆம்' என்று தனியாகப் போட்டிருந்தான் அச்சடித்தவன். ஹிந்தியில் ஆம் என்றால் மாம்பழம் அத்தான். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் மேட்டுத் தெருப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். "ஆம் அங்கிள், ஆம் அங்கிள்" என்று பிரசாத வரிசை முழுக்க ஓடிவிட்டது. மண்டல் என் தோளில் கைபோட்டு, "பேர் பாத்தீங்களா பொக்தோ பாபு?" என்றார். ரொம்ப சந்தோஷம் என்று சிரித்தேன். கிச்சடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்படியே மூடி வைத்தேன். அந்த நேரம் பார்த்து நாலு பெட்டி வைத்து ஒலிபெருக்கியைத் திறந்தார்கள், எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி கிணுகிணு என்று ஆடியது. சும்மா இருந்திருக்கலாம், ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

புகார் மனு. ஏழு அம்சம். ஒன்று, நோயாளிகள் அவதி. எங்கள் தெருவில் ஆஸ்பத்திரி கிடையாது. இரண்டு, மாணவர் படிப்பு கெடுகிறது. அது பூஜை லீவு. மூன்று, பறவைகள் இடம்பெயர்கின்றன. எங்கள் தெருப் பறவை இரண்டு கோழி, இரண்டும் பந்தலுக்குள்தான் சோறு பொறுக்கிக்கொண்டு இருந்தன. இப்படியே போய் ஏழாவது, முதியோருக்கு நெஞ்சு படபடக்கிறது. கீழே, 'டெய்ரி ஃபார்ம் பொதுநல விரும்பி'. படித்துப் பார்த்தேன். நடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வங்காளிகளை மட்டும் குறை சொல்வதுபோல இருந்தால் யாரோ வேண்டாதவன் எழுதியது என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று, என் ஆபீஸ் புத்தி, 'எல்லாச் சமூகத்தாரும் நடத்தும் தெருவிழாக்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். நடுநிலைக்காகச் சேர்த்த வரி அத்தான். மண்டலின் நாலு பெட்டி இரண்டு பெட்டியாகக் குறையட்டும், அதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை. டவுன் பஸ் ஏறி அபர்டீன் பஜார் போய், மழையில்லாத நாளில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தபால் பெட்டியில் போட்டேன். குடை எதற்கு என்று கேட்காதீர்கள், முகத்தை மறைக்க வேறு எதுவும் கையில் இல்லை.

இரண்டு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறந்துகொண்டே வந்தேன், மண்டலும் நானும் வழக்கம்போலச் சாயங்காலம் நடக்கப் போனோம். டிசம்பர் முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியில் ஒரு உத்தரவையும், அதன் கீழே புகாரின் ஏழு அம்சத்தையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். பொதுமக்களிடமிருந்து வந்த புகாரை முன்னிட்டு, மறு உத்தரவு வரும் வரை, மேற்படி தெருவில் எந்தச் சமூகத்தாரும் பந்தல், ஊர்வலம், ஒலிபெருக்கி, மேளம் எதுவும் கூடாது. நான் சேர்த்த அந்த ஒரு வரியை அப்படியே எடுத்து உத்தரவின் தலையில் வைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருஷ சர்வீசில் நான் எழுதிய எந்த வரைவையும் ஒரு திருத்தம் இல்லாமல் எந்த மேலதிகாரியும் ஏற்றுக்கொண்டதில்லை. இதை ஏற்றுக்கொண்டார்கள்.

முதலில் அடி வாங்கியது கிறிஸ்துமஸ். ராஞ்சிக்காரர்களில் பீட்டர் லக்ரா என்று ஒருவர், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், அவர் தலைமையில் வருஷாவருஷம் மாந்தர் என்கிற தங்கள் ஊர் மேளத்தை அடித்துக்கொண்டு வீடு வீடாகக் கீதம் பாடி வருவார்கள். இந்த வருஷமும் வந்தார்கள். மேளத்தைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு பேரும் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, குசுகுசு என்று பாடினார்கள். ஏசு பிறந்த சேதியை யாருக்கும் தெரியாமல் ரகசியம் சொல்வதுபோல இருந்தது. வைஜெயந்தி காதில் விழவில்லையே என்று வாசல் கேட் கம்பியில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பாடி முடித்ததும் பீட்டர், "எவனோ ஒருத்தன் நம்ம தெருமேல எழுதிப் போட்டுட்டான் அங்கிள். பாவம், என்ன கஷ்டமோ அவனுக்கு. அவன் மனசுக்குச் சமாதானம் கிடைக்கணும்னு இந்த வருஷம் ஒரு பாட்டு கூட்டியிருக்கோம்" என்றார். அந்தப் பாட்டையும் என் முகத்துக்கு நேராக நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மூன்று சரணம் பாடினார்கள். நான் கேக்கை வாங்கிக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது நம் பொங்கல். தெரு நடுவில் வரிசையாக நாற்பது பானை வைக்கிற இடத்தில் ஒரு நாய் படுத்துத் தூங்கியது. அவரவர் வீட்டுக் கேஸ் அடுப்பில் அவரவர் பொங்கிக்கொண்டோம். மண்டல் வீட்டம்மாள் வருஷாவருஷம் கல்கத்தாவிலிருந்து பேரீச்ச வெல்லம் வரவழைத்துக் கொடுப்பார், தெருவின் முதல் பானையில் விழுவது அதுதான். அன்றைக்கும் மண்டல் அந்த வெல்லப் பொட்டலத்தோடு எங்கள் அடுப்படிக்கு வந்து நின்றார். பால் பொங்கியது. பழக்க தோஷத்தில் மனுஷன் "போங்கோலோ போங்கோல்" என்று சத்தம் போட்டுவிட்டார். போட்ட வேகத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தார். அறுபத்தேழு வயசு அத்தான் அவருக்கு. இருபது டன் பாரத்தைத் தலைக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த ஆள், என் வீட்டு அடுப்படியில், திருடப் போன இடத்தில் தும்மினவன் மாதிரி நின்றார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பானைக்குள்ளேயே பார்த்தேன். ஆவியில் கண் எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் வந்தது வெல்லம் கொடுக்க மட்டும் இல்லை. "எல்லாக் கமிட்டியும் பேசிட்டோம். உத்தரவை எடுக்கச் சொல்லி மனு போடணும். நீங்கதான் எழுதணும். அந்தப் புகார் எழுதினவன் பெரிய கலம்காரன், பேனா பிடிக்கத் தெரிஞ்சவன்னு பேசிக்கிறாங்க. அவனுக்குச் சமமா எழுத இந்தத் தெருவில உங்களை விட்டா யாரு?" என்றார். எனக்குக் கண்ணில் புரை என்றேன், கை நடுக்கம் என்றேன். வைஜெயந்தி உள்ளேயிருந்து, "நேத்து குறுக்கெழுத்தை முடிக்கும்போது நடுங்கலையே" என்றாள், அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எழுதினேன். என் ஏழு அம்சத்துக்கும் ஏழு பதில். நோயாளி இல்லை, லீவு நாள், கோழி நலம். இவ்வளவு கச்சிதமாக ஒருத்தனை நான் மறுத்து எழுதியதே கிடையாது, ஏனென்றால் அவன் எங்கெங்கே பொய் சொல்லியிருக்கிறான் என்று எனக்கு வரிக்கு வரி தெரியும். ஹிந்தியில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என்று இரண்டு பிரதி.

கொண்டுபோய்க் கொடுக்க மண்டல், பீட்டர், நம் கோயில் தலைவர் வெள்ளைச்சாமி, நான். உத்தரவு போட்ட அதிகாரி சின்ன வயசுக்காரர், மெதுவாகப் படிப்பவர். படித்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். என் பழைய காகிதத்தை எடுத்து மேஜைமேல் இதற்குப் பக்கத்தில் வைத்தார். கையெழுத்தை மாற்றி எழுதியிருந்தேன் அத்தான், ஆனால் நடையை மாற்றத் தெரியவில்லை. இரண்டிலும் 'கனத்த இதயத்தோடும் கூப்பிய கரங்களோடும்' என்றுதான் ஆரம்பம். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா எழுதுறீங்க. ரெண்டையும்" என்றார். எனக்கு நாற்காலி நழுவியது. மண்டல் ஹிந்திப் பிரதியையும் இங்கிலீஷ் பிரதியையும்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஆமா சாப், ரெண்டு பாஷையிலும் புலி" என்று என் முதுகில் தட்டினார். அதிகாரி சிரிக்கவும் இல்லை, காட்டிக் கொடுக்கவும் இல்லை. உத்தரவைத் தளர்த்துகிறேன், இரண்டு பெட்டிதான், இரவு பத்து மணி வரைதான், ஒவ்வொரு விழாவிலும் சத்தத்தை அளந்து எழுதித் தரத் தெருவில் ஒருத்தர் பொறுப்பேற்க வேண்டும் என்றார். யார் என்று வெள்ளைச்சாமி கேட்டார். "இவரே இருக்கட்டும். இரைச்சல் விஷயத்தில இவருக்கு அனுபவம் இருக்கு" என்று என்னைக் காட்டினார். அன்றிலிருந்து போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு நான் அலைகிறேன். ஹோலி அன்று அளக்கப் போய், மைக் ஓட்டையில் பச்சை வண்ணம் அடைத்து, தெருவே காது கிழியக் கத்தியபோது அது முழு நிசப்தம் என்று காட்டியது.

வைஜெயந்திக்குத் தெரிந்தது பிப்ரவரியில். என் ஆபீஸ் புத்தி, புகாருக்கு ஒரு அலுவலக நகல் எடுத்துக் கோப்பில் போட்டு, மேலே 'பண்டிகை – இரைச்சல்' என்று எழுதியும் வைத்திருக்கிறேன். கேஸ் சிலிண்டர் புத்தகம் தேடப் போனவள் கையில் அது அகப்பட்டது. இரண்டு நாள் சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள், "இதை எழுதின கையால சாமிக்குக் கற்பூரம் காட்டாதீங்க" என்றாள். அன்றிலிருந்து அவள்தான் காட்டுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தடையை நீக்கித் தெருவின் மானத்தைக் காத்தவன் என்று, ஏப்ரல் பதினொன்றாம் தேதி பங்குனி உத்திரத்தன்று எனக்குப் பொன்னாடை போர்த்தி, 'நல்லிணக்கச் செம்மல்' என்று பட்டம் கொடுத்து, காவடிக்குப் பின்னால் திறந்த ஜீப்பில் நிற்கவைத்து ஊர்வலம் கொண்டுபோகப் போகிறார்கள். எல்லாக் கமிட்டியும் சேர்ந்து போட்ட தீர்மானம். வேண்டாம் என்றால் அடக்கம் என்கிறார்கள். நேற்று மண்டல் பேனரின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். அபர்டீன் பஜார் அச்சுக்கடையில் அரை நாள் நின்று, தமிழ், ஹிந்தி, பெங்காலி, தெலுங்கு, இங்கிலீஷ் என்று ஐந்து எழுத்திலும் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து வாங்கி வந்திருக்கிறார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பூஜை பேனர்ல உங்க பேரைக் கெடுத்துட்டாங்க. கட்டின பிறகுதான் பாத்தேன், மாத்த நேரமில்ல. பேர் பாத்தீங்களான்னு மட்டும் கேட்டேன், அதுக்கு மேல சொல்ல வெக்கம். நாலு நாளும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு அடிச்சுது." நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஏன் கடைசியில் போட்டீர்கள் என்று வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "விருந்தாளி பேரெல்லாம் மேலே, வீட்டு ஆளுங்க பேர் கீழேதானே போடுவாங்க. என் பேருக்குக் கீழே இடமில்ல, அதனால என் பேரையே எடுத்துட்டு உங்க பேரைப் போட்டேன்" என்றார்.

அத்தான், அந்தப் பேனரில் அவர் பெயர் இல்லை என்பதை நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை. என் பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தங்கள் பாதம் தொட்டுக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இக்கடிதம் கண்டவுடன், அக்காளுக்கு உடம்பு மிகவும் மோசம், பக்தவத்சலம் உடனே புறப்பட்டு வரவும் என்று ஒரு சேதி அனுப்ப வேண்டியது. எனக்கு அனுப்ப வேண்டாம், வெள்ளைச்சாமிக்கே அனுப்பவும், நம்பர் பின்பக்கம் இருக்கிறது. கப்பலில் மூன்று நாள், மெயின்லேண்டில் ஒரு பத்து நாள், எல்லாம் அடங்கியபின் வந்துகொள்கிறேன். அக்காளை அந்தப் பத்து நாளும் போனை எடுக்காமல் இருக்கச் சொல்லவும். மற்றபடி தாங்களும் அக்காளும் நோய் நொடியின்றி நூறாண்டு இருக்க வேண்டும் என்று மேற்படி முருகனை வேண்டிக்கொள்கிறேன், கற்பூரம் மட்டும் வைஜெயந்தி காட்டுவாள்.

தங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியற்ற மைத்துனன்,
பக்தவத்சலம்

பி.கு. (13.4.2025): மேலே கேட்ட உதவி தேவைப்படவில்லை. இந்தக் கடிதம் அன்றைக்குப் போகவில்லை. உறையை ஒட்டுமுன் வைஜெயந்தியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதையும் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா அட்ரஸ் தப்பா இருக்கே. இது ரோட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய கடிதாசியாச்சே" என்றாள்.

அஞ்சு நாள் மருகிவிட்டு ஆறாம் நாள் ரோட்டைத் தாண்டினேன். மண்டல் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், பேனரில் ஆரம்பித்துக் குடை வரைக்கும். அவர் தலை நிமிரவில்லை, செதில் எடுப்பதையும் நிறுத்தவில்லை. மீன் முடிந்தபின், "முதியோருக்கு நெஞ்சு படபடக்குதுன்னு எழுதினீங்களே, அதாவது நிஜமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுக்காக நான் ரெண்டு ராத்திரி தூங்கல. எந்த வீட்டுப் பெரியவரைக் கஷ்டப்படுத்திட்டோமோன்னு" என்றார். பங்குனி உத்திரத்தன்று மைக்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், பொன்னாடை வேண்டாம் என்றேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "சொன்னா உங்க பாரம் இறங்கிடும். அப்புறம்? தமிழன் பெங்காலி மேல எழுதிப் போட்டான்னு ஆகும். அடுத்த பூஜைக்கு இலை போட எவன் வருவான்? வாயைத் தெறக்காதீங்க. பொன்னாடையைப் போட்டுக்கிட்டு நில்லுங்க. கனமா இருக்கும், இருக்கட்டும்." மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து சாயங்காலம் நான் தனியாக நடந்தேன்.

முந்தாநாள் போர்த்தினார்கள். ஜரிகை கழுத்தை அறுத்தது. வெயில் சொல்ல முடியாது, காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு வருவதால் எங்கள் தெருவில் அந்தந்த வீட்டு வாசலில் நின்று தாரில் தண்ணீர் ஊற்றுவார்கள். மண்டலும் டிரம்மை வைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். காவடி எல்லாம் போன பிறகு ஜீப் அவர் வாசலுக்கு வந்தது. ஒரு வாளி நிறைய மொண்டார். நிதானமாக நடந்து வந்தார். ஜீப்பில் கைகூப்பி நின்றுகொண்டிருந்த என் தலைமேல், பட்டம், மாலை, பொன்னாடை எல்லாம் சேர்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்தார். ஒரு கணம் மேளம் நின்றுவிட்டது. அப்புறம் வெள்ளைச்சாமி மைக்கில், "அன்பின் மிகுதியால் மண்டல் அண்ணன் நம் செம்மலைக் குளிர்விக்கிறார்" என்றாரே பார்க்கலாம், தெருவே அரோகரா போட்டது, பீட்டர் ஆட்கள் கை தட்டினார்கள். சத்தம் எவ்வளவு என்று தெரியாது, போன் சட்டைப் பைக்குள் செத்துவிட்டது. மண்டல் வாளியை அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சொட்டச் சொட்ட நின்றேன். ஆறு மாசத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டமாதிரி இருந்தது அத்தான்.

நேற்றுக் கமிட்டிகள் கூடின. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம். இனி வருஷாவருஷம் ஜீப்பில் நிற்பவரை அவருடைய எதிர்வீட்டுக்காரர் தலையோடு நனைக்க வேண்டும் என்று தீர்மானம். வரைவு எழுதும்படி என்னிடம் கொடுத்தார்கள். 'தொன்றுதொட்டு இத்தெருவில் நிலவிவரும் வழக்கப்படி' என்று ஆரம்பித்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தது, மண்டலை என்று நான் முன்மொழிந்தேன். எல்லோரும் சரி என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த மண்டல் எழுந்தார், என்னைப் பார்த்தார். அந்த மீன் செதிலுக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"அப்ப வாளி யார் கையில இருக்கும், பொக்தோ பாபு?"